வேப்பம்பட்டு வாக்குத்தத்தப் பெட்டி

சனிக்கிழமை பிற்பகல் 2.40. அம்பத்தூரில் லோக்கல் ஏறினேன். வேப்பம்பட்டுக்குப் போக வரப் பத்து ரூபாய். கைப்பையில் அக்கா மெர்சியின் ஸ்கேன் ரிப்போர்ட். சட்டைப் பையில் ஒரு கள்ள அட்டை.

அக்காவுக்குக் கழுத்தில் கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவோ, வாக்குத்தத்தப் பெட்டியில் உத்தரவு வந்தால்தான் போவேன் என்கிறாள். வேத வசனம் அச்சடித்த சின்ன அட்டைகள் நிறைந்த மரப்பெட்டி அது. ஜெபித்துவிட்டு ஒன்றை உருவ வேண்டும், வருவதுதான் பதில். மூன்று நாளாகக் 'காத்திரு' என்றே வருகிறதாம்.

ஆகவே பட்டாபிராமில் அச்சகம் வைத்திருக்கும் நண்பரிடம் அதே அளவில் ஓர் அட்டை அடித்து வாங்கியிருந்தேன்: 'எழுந்து போ, உனக்கு முன்னே போகிறேன்.' வாசகம் சொந்தச் சரக்கு. கீழே வேதாகமத்தின் அதிகார எண் போடத்தான் கை வரவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் தேவபயம் உண்டு. "ஒத்த அட்டைக்கு மெஷின ஓட்ட வச்சிட்டியே மாமே" என்று திட்டியபடி ஒன்றே ஒன்றுதான் தந்தார்.

3.15. வேப்பம்பட்டு. ஆட்டோ அறுபது கேட்டு ஐம்பதுக்கு இறங்கியது.

"பெட்டி அக்கா ஊடா சார்? எங்க ஊட்லயும் அங்க வந்து அட்டை எடுத்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"'ஆயத்தமாயிரு'ன்னு."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கண்ணாடிக்கு மேலே மாலை போட்ட ஒரு பெண்ணின் படம் ஆடிக்கொண்டிருந்தது.

மனைக்கல் நட்ட காலி நிலங்களுக்கு நடுவே ஒற்றை வீடு. காற்றே இல்லை. வாசல் திரை மட்டும், யாரோ அப்போதுதான் உள்ளே போனதுபோல் அசைந்தது.

"ரிப்போர்ட்டப் பாருக்கா."

"எனக்கு இன்னாடா புரியும்? உனக்குப் புரியுதா?"

"டாக்டர் சொன்னாரே."

"அப்ப நீயும் ஒருத்தர் சொன்னத நம்பிக்கினுதான கீற?"

அந்தக் கறுப்பு வெள்ளை மேகத்தில் எது கட்டி, எது என் அக்கா என்று எனக்கும் தெரியாதுதான்.

அவள் டீ போடப் போனாள். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, பெட்டியின் முன்வரிசையில் சற்றே நீட்டினாற்போல் செருகினேன். "சர்க்கரை போடலாமாடா?" என்ற குரலில் உயிர் போய் வந்தது. மூடியைச் சாத்திவிட்டேன்.

அக்கா வந்து கண்மூடி ஜெபித்தாள். அவள் விரல்கள் முன்வரிசையைத் தொடவே இல்லை. நேராக அடியில் போயின. என் திட்டம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"எழுந்து போ, உனக்கு முன்னே போகிறேன்" என்று வாசித்தாள். கூடவே ஓர் அதிகார எண்ணையும் சொன்னாள். அட்டை வழுக்கி அடிக்குப் போயிருக்கும். எண்ணை அவளே மனப்பாடத்திலிருந்து சேர்த்திருப்பாள். எனக்கு எதற்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும்.

"திங்கக்கெழம காலைல வந்துடு. இன்னாடா, உனக்கு வேர்க்குது?"

7.10. அம்பத்தூர். சட்டையைத் துவைக்கப் போடுமுன் பையைத் துழாவினேன். ரயில் டிக்கெட்டுக்குப் பின்னால் என் அட்டை. கீழே எண் இல்லை.

கரண்ட் பில் கட்டியதைக்கூட ரசீது பார்த்துத்தான் நம்பும் வீடு எங்களுடையது. பதற்றத்தில் அட்டையை நானே திரும்பப் பையில் போட்டிருக்கலாம். அந்த வசனம் பெட்டியில் முன்பே இருந்திருக்கலாம். நான் சிறுவயதில் கேட்டு மறந்ததாகவும் இருக்கலாம். திரும்பிப் போய்க் கொட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். போக வரப் பத்து ரூபாய்தான். போகவில்லை.

திங்கட்கிழமை அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவளுக்குப் பயமில்லை; முன்னே ஒருவர் போகிறாராம். பின்னே போகப்போகிறவன் நான், அடிக்கடி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி.