கமலவேணியின் கட்டுப்பல்

மலாக்காவின் காஜா பெராங்கில் கமலவேணியைப் போல அடக்கமான மருமகள் கிடையாது என்று பேர். சிரித்தாலும் முந்தானை வாய்க்குப் போகும். பேசினாலும் போகும். பக்கத்து வீட்டுக்காரி வந்து என்ன சமையல் என்று கேட்டாலும் பதில் முந்தானைக்குள்ளிருந்துதான் வரும். அவள் மாமியார் அன்னம்மா இதை மாரியம்மன் கோவிலிலும் அரிசிக்கு வரிசை நிற்கும் இடத்திலும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். ஊரும் நம்பியது. அடக்கமாவது ஒன்றாவது! அந்தப் பெண்ணுக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் பீங்கான். அவை கீழே விழாமல் காப்பாற்றுவதே அவளுக்கு முழுநேர வேலையாக இருந்தது.

சொந்தப் பல் போனது பதினாறு வயதில். கிணற்றடிச் சிமெண்டில் வழுக்கி, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் முகம் மோதியது. அப்பா நல்லையா டவுனில் ஒரு துணிக்கடையில் கணக்கப்பிள்ளை. முன்பல் இல்லாத பெண்ணை எவன் கட்டுவான் என்று அவருக்குக் கவலை. வீக்கம் வடிந்ததும் மகளைச் சீனர் ஒருவரின் பல்கட்டும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். வாசலில் ஈறும் பல்லுமாகப் பெரிய படம் வரைந்து தொங்கவிட்ட கடை.

அந்தச் சீனர் பொறுமையான மனிதர். ஓட்டைக்கு இரண்டு பக்கமும் இருந்த நல்ல பற்களை அராவிச் சிறிதாக்கினார். அவற்றுக்குத் தங்கத்தில் உறை செய்து, இரண்டு உறைகளுக்கும் நடுவே பீங்கான் பற்களைப் பற்றவைத்தார். நான்கும் சேர்ந்து ஒரே துண்டு. "ஜம்பாத்தான்," என்று மலாயில் சொல்லி, இரண்டு முஷ்டிகளைத் தூணாக நிறுத்தி, நடுவில் விரலால் பாலம் போட்டுக் காட்டினார். உள்ளே வைத்த சிமெண்ட் ஒருநாள் தளரும், வருடத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். நல்லையா தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒரு தரமும் கூட்டிப்போகவில்லை.

அந்தக் காலத்து மலாக்காவில் நன்றாக இருக்கிற பல்லையே தேய்த்து அதன்மேல் தங்கம் போட்டுக்கொள்வது பெரிய மோஸ்தர். கழுத்திலும் பல்லிலும் பணத்தைக் காட்டினார்கள். அது நல்லையாவுக்கு வசதியாகப் போயிற்று. பெண் பார்க்க வந்தவர்களிடம், "ஆசைக்கு ரெண்டு தங்கப் பல் கட்டிக்கிட்டா. ஒத்தப் புள்ள, வேணாம்னு சொல்ல மனசு வரல," என்றார். எல்லார் கண்ணும் தங்கத்தில் போய் நின்றது. நடுவில் இருந்த இரண்டு வெள்ளைப் பல்லை யார் பார்த்தார்கள்? அன்னம்மா மட்டும் உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "பல்லு முத்து மாதிரி இருக்கு," என்றாள். கமலவேணிக்கு உடம்பு கூசியது.

ஜப்பான்காரன் வந்த வருஷம் அது. வயசுப்பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, ஊரெல்லாம் அவசரக் கல்யாணங்கள். மாப்பிள்ளை தம்பிராஜா பஸ் கராஜில் பழுது பார்க்கும் பிட்டர். கையில் எப்போதும் கறுப்பு எண்ணெய், வாயில் எப்போதும் கேலி. கல்யாணமான முதல் வாரமே அன்னம்மா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். மகனுக்குப் பார்த்த பெண்களில் ஒருத்தியைக் காது மந்தம் என்றும், இன்னொருத்தியைக் கால் இழுக்கிறது என்றும் வேண்டாமென்றாளாம். "பொறந்த வீட்டுல குறைய மறைச்சிக் கட்டிக் குடுக்கிறாங்கம்மா. நானா ஏமாறுவேன்?" அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். கமலவேணி முந்தானையை எடுத்து வாயில் வைத்தாள். வைத்த கையை அப்புறம் எடுக்கவே இல்லை.

அரிசி அரிதாகி மரவள்ளிக் கிழங்கே சாப்பாடு என்றான பிறகு ஒருநாள், காய்ந்த தேங்காய்ச் சில்லைக் கடித்தபோது வலப்பக்கத்து உறை 'நொறுக்' என்றது. சிமெண்ட் பொடியாகி நாக்கில் கரித்தது. சில நாளில் இடப்பக்கமும் கழன்றது. அவள் அந்தச் சீனரின் கடைக்குப் போய்ப் பார்த்தாள். கடை பூட்டிக் கிடந்தது. ஜப்பான்காரன் வந்த உடனேயே அந்தக் குடும்பம் எங்கேயோ உள்நாட்டுக்கு ஓடிவிட்டது என்றார்கள். இன்னொரு பல்கட்டுகிறவரைத் தேடலாம் என்றால், வீட்டில் என்ன சொல்லி வெளியே போவது? அதன் பிறகு அவள் செய்த வைத்தியம் கொஞ்சமா நஞ்சமா? மெழுகை உருக்கி வைத்தாள். சாதத்தை மசித்து வைத்தாள். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் நின்ற ரப்பர் மரத்தைக் கீறி, அந்தப் பாலைத் தடவிப் பல்லை அழுத்திப் பிடித்தாள். அரை நாள் தாங்கியது. நாற்றம் மட்டும் நாள் முழுக்க இருந்தது.

"ஆசைக்குத்தானே கட்டின. அத கழட்டிக் குடுத்தா ஒரு மூட்ட அரிசி வருமில்ல?" என்று அன்னம்மா ஒருநாள் கேட்டாள். கமலவேணி முடியாது என்று தலையாட்டினாள். பசியிலும் இவளுக்குத் தங்கம் கேட்கிறதே என்று மாமியாருக்கு மனத்தாங்கல். அதையும் கமலவேணி வாங்கி வைத்துக்கொண்டாள். வெட்கம் என்பது அப்படித்தான், ஒன்றை மறைக்கப் போய் இன்னொரு கெட்ட பெயரைக் கையேந்தி வாங்க வைக்கும்.

தம்பிராஜாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆரம்பத்தில், "என்ன புள்ள, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்திருமா?" என்று சீண்டுவான். உதிர்ந்துவிடும் என்பதே உண்மை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பிறகு சீண்டல் குறைந்தது. ஒரு சாயங்காலம் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"கமலா, ஒன்ன அவசரப்பட்டுக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு தெரியும். என்னப் புடிக்கலன்னா சொல்லிடு. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அவனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பிடித்ததால்தான் அந்த ஓட்டை வாயை அவனுக்குக் காட்ட முடியவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

மறுவாரம் சந்தைக்குப் போனவன் திரும்பவில்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊரே பயந்துகொண்டிருந்த நேரம். பள்ளிக்கூடத் திடலில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மறுநாள் காலையில் கராஜில் கணக்கெழுதும் கிராணி கருணாகரன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான். தம்பிராஜாவைக் கூடப்பிறந்தவன் போல நினைக்கிற பையன். பிட்டர் இல்லாவிட்டால் பஸ் ஓடாது என்று கராஜை நடத்தும் ஜப்பான்காரனிடம் கெஞ்சி, விடுவிக்கச் சொல்லி முத்திரை குத்திய சீட்டு ஒன்று வாங்கியிருந்தான். அன்னம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். கமலவேணிதான் அவன் பின்னால் ஓடினாள்.

திடலில் லாரிகள் வரிசையாக நின்றன. ஆட்களை ஏற்றி, தார்ப்பாயை இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கருணாகரன் வேலிக்கு வெளியே நின்று சொன்னான்.

"அண்ணி, நான் உள்ள போயி ஆபீசர்கிட்ட சீட்டக் காட்டுறேன். நீங்க லோரிக்கிட்ட போங்க. அங்க நிக்கிற தமிழ் மண்டோர்கிட்ட நீங்க வருவீங்கன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன். அண்ணன் பேரச் சொல்லுங்க, இல்ல கத்திக் கூப்பிடுங்க. எறங்கி நின்னாப் போதும், மத்தத நான் பாத்துக்கிறேன். லோரி கெளம்பிருச்சின்னா ஒண்ணும் செய்ய முடியாது அண்ணி."

அவன் ஓடினான். அவள் லாரிகள் பக்கம் போக வேண்டுமானால் காவலுக்கு நின்ற சிப்பாயைத் தாண்ட வேண்டும். தாண்ட வேண்டுமானால் இடுப்பு வளையக் குனிந்து வணங்க வேண்டும். குறையக் குனிந்தால் அறை விழும். அவள் நன்றாகவே குனிந்தாள். அந்த அவசரத்தில் காலையில் ரப்பர் பால் வைக்கவில்லை. நிமிர்வதற்குள் நான்கு பல்லும் ஒன்றாகக் கழன்று, சிப்பாயின் பூட்சுக்கு முன்னால் சேற்றில் விழுந்தன.

சிப்பாய் குனிந்து பார்த்தான். பிறகு அவள் வாயைப் பார்த்தான். வெடித்துச் சிரித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். கமலவேணி சேற்றோடு சேர்த்துப் பல்லை அள்ளி முஷ்டிக்குள் மூடிக்கொண்டு ஓடினாள்.

ஆட்களை ஏற்றும் கங்காணியான அந்த மண்டோர் கடைசி லாரிப் பக்கம் நின்றார். "நீதானா? கிராணி சொன்னாரு. ஒம் புருஷன் பேரு என்னம்மா?"

ஒரே ஒரு பேர். அதைச் சொன்னால் போதும். வேலியோரம் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் திரும்பி இவளைப் பார்த்தார்கள். லாரிக்குள்ளிருந்து எத்தனையோ ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் அவனும் இருப்பான். பேர் 'த'வில் ஆரம்பிக்கிறது, நாக்குப் போய்த் தட்டப் பல் இல்லை. வாயைத் திறந்தால் ஓட்டையும் அதன் இரண்டு பக்கமும் அராவிய குச்சிப் பற்களும் தெரியும், காற்றுதான் வரும். பல்லை மாட்டிக்கொண்டு சொல்லிவிடலாம், அதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்புதான் அவளைக் கெடுத்தது.

ஒரு கையால் வாயைப் பொத்தியபடி மறு கையால் 'இருங்கள்' என்று மண்டோருக்குச் சைகை காட்டினாள். முதுகைத் திருப்பிக்கொண்டாள். பல்லை முந்தானையில் துடைத்து வாயில் வைத்து அழுத்தினாள். உறைக்குள் மண் அடைத்திருந்தது. பொருந்தவில்லை. எடுத்தாள், விரல் நுனியால் தோண்டினாள், மறுபடி வைத்தாள்.

"பேரச் சொல்ல வெக்கப்படுற நேரமாம்மா இது? அடையாளமாச்சும் சொல்லித் தொலையேன்!" என்று மண்டோர் பின்னாலிருந்து கத்தினார்.

அவள் முந்தானைக்குள்ளிருந்து, "என்னங்க! என்னங்க!" என்று கூப்பிட்டாள். அதுதான் பல் இல்லாமலும் சொல்ல வந்தது. ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஆண்கள் திரும்பினார்கள். வீட்டில் 'என்னங்க' என்று கூப்பிட ஒருத்தி இல்லாதவர்கள் அந்த லாரிகளில் எத்தனை பேர் இருப்பார்கள்?

யாரோ விசில் ஊதினார்கள். மண்டோர் கையை விரித்துவிட்டு விலகினார். லாரிகள் திடலைச் சுற்றி வாசலுக்குத் திரும்பியபோதுதான் அவள் தம்பிராஜாவைக் கண்டாள். தார்ப்பாயை விலக்கிக்கொண்டு அவன் அவளையே பார்த்தான். இறங்குங்கள் என்று கையைக் காட்டியிருக்கலாம். ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது, மறு கைக்குள் பல் இருந்தது. அவள் வாயைப் பொத்தி நிற்பதைப் பார்த்து, அழுகிறாள் என்று அவன் நினைத்தான். அவன் முகம் மலர்ந்தது. இவள் தனக்காக அழுவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. அழாதே, வீட்டுக்குப் போ என்று கையை அசைத்தான். லாரி ரோட்டில் ஏறிப் போய்விட்டது.

கருணாகரன் அனுமதியோடு ஓடிவந்தான். "பேரச் சொல்லியிருக்கலாமே அண்ணி, இந்த நேரத்துலயுமா..." என்றவன், கேட்டது தப்பு என்று நினைத்தோ என்னவோ தலையைக் குனிந்துகொண்டான்.

கதை அவளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது. தோட்டத்துப் பெண்கள் சொன்னார்கள், மண்டோரும் சொன்னார். உயிர் போகிற நேரத்திலும் புருஷன் பேரை வாயால் சொல்லாத உத்தமி என்று காஜா பெராங் முழுக்கப் பேச்சு. அன்னம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மருமகளைக் கட்டிக்கொண்டாள். "சொல்லியிருந்தா எம் புள்ள இருந்திருப்பான். ஆனா ஒன்னக் குத்தஞ் சொல்ல மாட்டேன். நீ முறைப்படி நின்ன." கல்யாணப் பெண்களைக் கூட்டிவந்து அவளிடம் திருநீறு வாங்கினார்கள். அவள் காலைத் தொட வந்தவர்களிடமிருந்து காலை இழுத்துக்கொள்வாள், அதுவும் அடக்கம் என்றே பேராயிற்று. மதிப்பாகச் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அவள் மேல் அறையாக விழுந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

யுத்தம் முடியப் போகிற வருஷம், சயாமிலிருந்து நோயாளியாகத் திரும்பிய சங்கரன் என்பவன் வீடு தேடி வந்தான். முதல் மழையிலேயே வாந்திபேதியில் தம்பிராஜா போய்விட்டான் என்றான். "பொஞ்சாதி எனக்காக அழுதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருப்பாரு," என்றும் சொன்னான்.

துக்கத்துக்கு வந்த பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். கமலவேணி வாயைத் திறக்கவில்லை. செத்த பிறகும் பேர் சொல்லி அழவில்லை பார் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. வந்தவர்கள் போன பிறகு, மத்தியானம், அன்னம்மாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பல்லைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"அத்தே, எனக்குப் பேர் சொல்ல வெக்கமில்ல. இது கீழ விழுந்திருச்சி. மாட்டிட்டுச் சொல்லலாம்னு திரும்பினேன். அதுக்குள்ள போயிருச்சி."

முன்பல் இல்லாத வாயில் பாதி எழுத்து காற்றாகத்தான் வந்தது. அன்னம்மாவுக்கு ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது. அவள் தரையில் கிடந்த பல்லையே பார்த்தாள். திட்டப் போகிறாள், அடிக்கப் போகிறாள் என்று கமலவேணி காத்திருந்தாள். அடி விழ வேண்டும் என்றே இருந்தது.

அன்னம்மா பல்லை எடுத்து மருமகள் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"இத யார்கிட்டயும் சொல்லாத," என்றாள். "முறைக்காகப் போனான்னு நெனச்சிக்கிட்டு இத்தன நாளு உசுரோட இருந்துட்டேன். ரெண்டு பல்லுக்காக எம் புள்ள போனான்னா என்னால தாங்க முடியாது."

காரியமெல்லாம் முடிந்து, மரவள்ளிக் கிழங்குக்கு வரிசையில் நின்றபோது, புதிதாகக் குடிவந்த ஒருத்தியிடம் அன்னம்மா அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னாள். ஒரு வார்த்தை மாறவில்லை. குரல் மட்டும் நடுங்கியது. கேட்டு முடித்த பெண் கண் கலங்கி, பக்கத்தில் நின்ற கமலவேணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எப்போதும் இழுத்துக்கொள்கிறவள் அன்றைக்கு இழுத்துக்கொள்ளவில்லை.