சாமி நிற்கும் வீடு விற்பனைக்கு

எங்கள் ஊரில் வீட்டு விலை இறங்கவே இறங்காது, விற்பனைதான் நின்றுபோகும். கொரோனா வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுகூட, தன் வீட்டு விலையைக் குறைத்துச் சொன்ன ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. வாங்கத்தான் ஆள் இல்லை. விலை பாட்டுக்குத் தன் இடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. பிறகு, மார்க்கெட் எழுந்துகொண்டிருக்கிறது என்றார்கள். காய்ச்சலில் கிடப்பவரைப் பற்றி விசாரித்தால் சொல்வார்களே, நேற்று எழுந்து உட்கார்ந்தார், இன்று கொஞ்சம் கஞ்சி குடித்தார் என்று, அந்த மாதிரி. வாரம் தவறாமல் ஒரு புரோக்கர் வந்து மார்க்கெட்டின் உடல்நிலையைச் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார்.

அவர் காபி குடித்தது என் அண்ணன் வீட்டில். அண்ணன் வீடு என்று வாய் பழகிவிட்டது. அப்பா போன பிறகு அதில் பாதி அண்ணனுக்கு, பாதி எனக்கு. அண்ணனும் அண்ணியும் அதில் குடியிருந்தார்கள். கூடத்தில் அண்ணனின் தறி. நானும் என் வீட்டுக்காரரும் மகளும் நாலு தெரு தள்ளி ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம்.

வீட்டை விற்பது என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. திருப்பருத்திக்குன்றத்தில் அண்ணியின் அப்பா வீடு பூட்டிக் கிடந்தது. தறியை அங்கே போட்டுக்கொள்வதாக அண்ணன் சொல்லிவிட்டார். என் பங்கு கைக்கு வந்தால், அதோடு வங்கிக் கடனும் சேர்த்துச் சின்னதாக ஒரு வீடு வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம். தகராறு விலையில் மட்டும்தான். அதுவும் எனக்கும் அண்ணனுக்கும் நடுவே இல்லை, அண்ணனுக்கும் மற்ற உலகத்துக்கும் நடுவே.

அண்ணன் சொன்ன விலைக்குத் தெருவில் யாரும் வீடு விற்றதில்லை. எப்படி இந்த விலை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். பங்குனி உற்சவத்தில் சாமி எங்கள் தெரு வழியாகத்தான் போகும். மற்ற வீடுகளைத் தாண்டிப் போகிற சாமி, எங்கள் வாசலில் மட்டும் நிற்கும். தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். சின்ன வயதில் எனக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை. பள்ளிக்கூடத்தில் என்னோடு சண்டை போட்டவர்களிடம், உங்கள் வீட்டில் நிற்குமா சாமி என்று கேட்டு வாயை அடைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெருமையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போடலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. அது அண்ணன் மூளை.

வீடு பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார்கள். சாமி தரிசனம், பட்டுப்புடவை, மத்தியானச் சாப்பாடு, அதற்குப் பிறகு செரிப்பதற்காக ஒரு வீடு பார்ப்பது. உள்ளே வந்ததும் தூணைத் தடவுவார்கள். தறிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இந்த மாதிரி வீடெல்லாம் இப்போது எங்கே கிடைக்கிறது என்பார்கள். கிடைக்கிற வீட்டுக்குள்தான் நிற்கிறோம் என்பது அவர்களுக்கு உறைக்காது. அண்ணன் உருகிப்போவார். அண்ணி இரண்டாவது தடவை காபி போடுவார். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறோம் என்று போனவர்கள் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

நான் ஒரு பட்டுப்புடவைக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலையில் இருக்கிறேன். எங்களுக்கு ஒன்று தெரியும். ரொம்ப நன்றாயிருக்கிறது, ரொம்ப நன்றாயிருக்கிறது என்று சொல்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பார்டர் பெரிதாக இருக்கிறது, கலர் வெளுக்கும், முந்தானை எடுப்பாக இல்லை என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள்தான் பில் போடுவார்கள். இதை அண்ணனிடம் எத்தனையோ தடவை சொன்னேன். அவர் நேர்மாறாகத்தான் நடந்துகொண்டார். புகழ்ந்தவர்களை உட்கார வைத்தார். குறை சொன்னவர்களோடு வாசலில் நிற்க வைத்தே வாதாடினார்.

இதற்கு நடுவில் எதிர் வீடு விற்றுப்போனது. வாங்கியவர் அதை இடித்துவிட்டு, வாசலில் இருந்த வேப்பமரத்தையும் வெட்டிவிட்டு, இரண்டு மாடிக்கு அடித்தளம் போட்டார். அண்ணனுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. மார்க்கெட் எழுந்தாயிற்று என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று, அன்றைக்கே தன் விலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். மரம் விழுந்த சத்தத்தை மேளச்சத்தம் மாதிரி ரசித்தவர் தெருவிலேயே அவர் ஒருவர்தான்.

எங்கள் வாடகை வீட்டுக்காரரும் மார்க்கெட்டைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். விற்பனை மந்தமாக இருந்த காலத்திலும் வாடகை மந்தமாக இருந்ததில்லை. இப்போது எழுந்துவிட்டது என்றதும், மகனுக்குக் கல்யாணம், மாடிப் போர்ஷன் அவனுக்கு வேண்டும், உங்கள் பெண்ணுக்கு முழுப் பரீட்சை முடிந்ததும் காலி செய்துவிடுங்கள் என்றார். அந்த மகனுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை என்பது கீழ்வீட்டம்மா சொல்லித் தெரிந்தது. இருந்தாலும் கேட்கவா முடியும், வீடு அவருடையது. அன்று மகள், அடுத்த வீடும் வாடகைதானா அம்மா என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

நானும் என் கணவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கக் கிளம்பினோம். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. ஓரிக்கையில் புதிதாக வரிசை வீடுகள் கட்டியிருந்தார்கள். வில்லா என்று பெயர். படுக்கையறையில் கட்டில் போடலாம், ஆனால் அதன்பிறகு கதவு சாத்த முடியாது. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் ரிவர் வியூ என்று காட்டினார்கள். பாலாறு தெரிந்தது, மணலும் முட்செடியுமாக. தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டேன். விற்பனைப் பையன் அசரவில்லை.

"வரும்போது இங்க இருந்து சூப்பரா தெரியும் மேடம்."

சிரிப்பு வந்தது, ஆனால் வீடு எனக்குப் பிடித்துவிட்டது. சமையலறையில் ஜன்னல் இருந்தது. விமான நிலையம் வரப்போகிறது, இப்போதே முன்பணம் கொடுத்தால்தான் இந்த விலை என்றான். எங்கள் சுற்றுவட்டாரத்தில் எல்லா மனையும் வரப்போகிற அந்த விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விமானம் இறங்க மட்டும் எங்கேயாவது இடம் மீதி இருக்குமா தெரியவில்லை.

அண்ணனிடம் போய்க் கேட்டேன். வீடு பார்க்க வந்த ஒருவர் கேட்ட விலை பரவாயில்லையே, கொடுத்துவிடலாமே என்றேன். புரோக்கரும் அங்கே இருந்தார்.

"மார்க்கெட் எழுந்துக்கினு இருக்குதுக்கா. இப்ப போய் அவசரப்படாதீங்க" என்றார்.

கமிஷன் வாங்க வேண்டியவரே அவசரப்படவில்லை என்றால் அந்தக் காபி அவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவர் போனதும் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ வெலை சொல்லிக்கினே இருண்ணா. நான் வாடகை குடுத்துக்கினே இருக்கறேன்."

அண்ணன் திருப்பிச் சத்தம் போடவில்லை. தறியில் உட்கார்ந்து அறுந்த இழையை முடிந்துகொண்டே பேசினார்.

"நான் நெய்யிற பொடவைக்கு ஒரு நாளாவது நான் வெலை சொல்லியிருக்கறனாமா? அவங்க சொல்லுவாங்க, நான் தலைய ஆட்டிட்டு வருவேன். இது ஒண்ணுக்காவது நான் சொல்லிக்கறேனே."

அவர் நெய்கிற புடவைக்கு விலைச்சீட்டு ஒட்டுகிற மாதிரி ஒரு கடையில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். பாவமாக இருந்தது. அதே நேரத்தில், அந்தப் பாவத்தை வைத்துக்கொண்டு நான் எந்த வீட்டில் போய் இருப்பது என்றும் இருந்தது. அடுத்த வாரம் ஓரிக்கையில் அந்த ஜன்னல் வீட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். போனில் அந்தப் பையன் வருத்தம்கூடத் தெரிவித்தான், கூடவே அடுத்த வரிசையில் விலை ஏறியிருப்பதையும் தெரிவித்தான்.

பங்குனிக்குக் கொஞ்சம் முன்னால் ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் வந்தார். மகன் பல் டாக்டருக்குப் படித்து முடித்திருந்தான், அவனுக்குக் கிளினிக் வைக்க இடம் பார்க்கிறாராம். உள்ளே நுழைந்ததிலிருந்து குறைதான். வாசல் குறுகல், சுவர் ஓதம், பின்பக்கம் வெளிச்சம் இல்லை. நான் அண்ணியிடம், இவர்தான் வாங்கப்போகிறார், காபியில் சர்க்கரை சரியாகப் போடுங்கள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அண்ணன், கடைசியில் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார். சாமி நிற்கும் விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார்.

"எவ்ளோ நேரம்பா நிக்கும்?"

அண்ணனுக்குப் பூரிப்பு. கால் மணி நேரத்துக்குக் குறையாது, சில வருஷம் அதற்கு மேலும் நிற்கும், தெரு கொள்ளாத கூட்டம் என்று அளந்துவிட்டார். கடைக்காரர் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன், அண்ணன் பார்க்கவில்லை. உற்சவத்தன்றைக்கு நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். பக்தி முற்றிவிட்டது, நாம் சொன்ன விலையை இவர் தருவார் என்று அண்ணன் முடிவுகட்டினார். வாசலுக்கு வெள்ளையடித்தார். புது வேட்டி வாங்கினார்.

உற்சவத்தன்று காலையில் வெயில் அப்போதே சுட்டது. அண்ணி வாசலை அடைத்துக் கோலம் போட்டிருந்தார். அண்ணன் கற்பூரத்தட்டோடு நின்றார், பக்கத்தில் ஹார்டுவேர் கடைக்காரர். மேளம் முன்னால் வந்தது, பின்னால் சாமி வந்தது. எங்கள் வீட்டுக்கு நேராக வந்தது. வந்தது, அப்படியே போய்விட்டது. அண்ணன் ஏற்றிய கற்பூரம் தட்டில் எரிந்துகொண்டிருக்க, சாமி பத்து வீடு தள்ளி ஒரு புதுப் பட்டுக்கடை வாசலில் போய் நின்றது. அங்கே பந்தல் போட்டு, மோர் வைத்திருந்தார்கள்.

அண்ணன் தட்டோடு பின்னாலேயே ஓடினார். நானும் போனேன். சாமி தூக்குகிறவர்களில் ஒருவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஏன் எங்கள் வாசலில் நிற்கவில்லை என்று அண்ணன் கேட்டபோது அவர் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தோள் மாத்திக்கறதுக்கு நெழல் வேணும்ணா. உங்க எதிர்ல மரம் இருந்துச்சி, நின்னோம். இப்ப அது இல்லியே" என்றார் அவர்.

அவ்வளவுதான். தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கென்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது எதிர்வீட்டு வேப்பமரத்துக்கு நடந்த மரியாதை. சிரிக்க வேண்டியவள் நான்தான். அண்ணனுடைய புது வேட்டியைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை.

திரும்பி வந்தால், ஹார்டுவேர் கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். சாமி நின்றால் ஜனம் நிற்கும், ஜனம் நின்றால் பல்வலியோடு வருகிறவர் எப்படி உள்ளே வருவார், வண்டியை எங்கே விடுவது என்று இத்தனை நாளாகக் கவலைப்பட்டிருக்கிறார். இப்போது அந்தக் கவலை இல்லை. தான் தரக்கூடிய விலையைச் சொன்னார். அது அண்ணன் விலையை விடக் குறைவு, ஆனால் தெருவில் நடக்கிற விலை. அண்ணன் மறுத்துப் பேசுவதற்கு வாயைத் திறந்தார். எந்தச் சாமியைச் சொல்லி விலையை ஏற்றினாரோ, அதே சாமியால் அத்தனை நாள் ஒரு நல்ல கிராக்கி தயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு கடைக்காரருக்குக் காபி கொண்டுவரப் போனேன்.

என் பங்கில் ஓரிக்கை இனி எட்டாது என்று ஆகிவிட்டது. மாகறல் போகிற சாலையில் ஒரு வீடு அமைந்தது. வில்லா இல்லை, வெறும் வீடு. எந்த ஆறும் தெரியாது, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். மகளுக்கு முழுப் பரீட்சை முடிந்த வாரத்தில் பால் காய்ச்சினோம். அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். புரோக்கரும் வந்திருந்தார், இரண்டு வருஷம் கையில் வைத்திருங்கள், நல்ல விலைக்குப் போகும் என்று வாழ்த்தினார். அண்ணன் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நான் அவர் கையில் சுத்தியலையும் ஒரு ஆணியையும் கொடுத்தேன். எங்கள் கல்யாணப் படம் கல்யாணமான நாளிலிருந்து பெட்டிக்குள் கிடந்தது. எந்த வாடகை வீட்டுக்குப் போனாலும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான் முதல் பேச்சு. அண்ணன் சுவரைப் பார்த்துத் தயங்கினார்.

"புதுச் செவுருமா. ஓட்டை போட்டா, நாளைக்கு விக்கும்போது கொறச்சிக் கேப்பாங்க."

"நான் விக்கப் போறதில்லண்ணா. நீ அடி."

அவர் ஆணியைச் சுவரில் வைத்தார். பிறகு அடித்தார். ஆணி கோணலாக இறங்கியது, பூச்சு கொஞ்சம் பெயர்ந்து கீழே விழுந்தது. சத்தம் கேட்டு யாராவது மேலே வந்து கேட்பார்களோ என்று மாடிப் போர்ஷன் பழக்கத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை.