அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனவர்கள்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருக்காக இன்று எங்கள் வீட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். என்னை எழுதச் சொன்னபோதே சொல்லிவிட்டேன், மேடையில் பேசுவது மாதிரியெல்லாம் எனக்கு எழுத வராது, தையல் கடையில் உட்கார்ந்து ஊரோடு மல்லுக்கட்டிய வாய் இது என்று. அப்படியே எழுது என்றார்கள்.

அக்கா பாடாலூரில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். வேலை இல்லாத நாட்களில் அம்மா கடலை அவித்து, நெடுஞ்சாலையில் நிற்கும் பஸ்களில் விற்பார். அம்மாவோடு நின்று ஜன்னலுக்குள் கையை நீட்டிக் கடலை விற்ற அக்காதான் திருச்சியில் சட்டம் படித்து முடித்தார். அவருடைய முதல் கறுப்பு அங்கியை நான் தைத்தேன். எனக்கு அப்போது தொழில் அரைகுறை, இடது தோள் இறங்கிவிட்டது. பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்றால் கேட்டால்தானே. "ஜட்ஜு தோளையா பாக்கப் போறாரு"ன்னு அதையே மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். பெரம்பலூரில் அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேராக இருந்தோம். அக்காவுக்குக் கோபம் வரும். வழக்கோடு வரும் கட்சிக்காரர்களையே திட்டுவார். ஆனால் திட்டு வாங்கியவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள், சமைத்தது நான்.

அரியலூர்ப் பக்கம் ஒரு கல்குவாரி. ஊரை ஒட்டியே வேட்டு வைத்தார்கள். வீடுகள் எல்லாம் விரிசல் விட்டன. ஒரு வீட்டில் தூளி கட்டியிருந்த உத்தரமே இறங்கிவிட்டது. நல்ல வேளையாகக் குழந்தை தாயிடம் இருந்தது. அந்தத் தாயின் மாமியார் செல்லம்மா, ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அக்காவிடம் வந்தார். அக்கா அரியலூர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். குவாரிக்காரர்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. அக்காவின் மலரில் அவர்களுக்கு இடம் கிடையாது.

முதலில் போன் வந்தது. பேச மாட்டார்கள், மூச்சு விடுவார்கள். பிறகு அக்காவின் ஸ்கூட்டி டயரைக் கிழித்தார்கள். அதற்கும் அக்கா அசையவில்லை என்றதும், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் வீட்டுக்கே வந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அம்மாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான். அவ்வளவு மரியாதை.

"வக்கீலம்மா, உங்க தங்கச்சி கடையில தனியாத்தான் இருக்காங்களாமே. சாயங்காலம் இருட்டுறதுக்குள்ள பூட்டச் சொல்லுங்க, காலம் கெட்டுக் கெடக்கு"ன்னான்.

"அவ கையில கத்திரிக்கோல் இருக்கும் தம்பி, நீங்க கவலப்படாதீங்க"ன்னார் அக்கா. அவன் போன பிறகு தண்ணீர் கேட்டார். அதைக் குடிக்காமலே போய்க் கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அக்காவுக்குப் பயமே கிடையாது என்று இன்று பலர் பேசுகிறார்கள். இருந்தது. பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான் சொல்கிறேன்.

அம்மா அழுதார். இந்த ஒரு வழக்கை மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். "வேற யாரு வூட்டுக்கு அவன அனுப்பச் சொல்ற?"ன்னு அக்கா கேட்டார். லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜபருல்லா பாய், அக்காவுக்கு உடன்பிறவாத அண்ணன். அவர் சக வழக்கறிஞர்களைத் திரட்டி மனுக் கொடுத்துப் போலீஸ் பாதுகாப்புக் கேட்டார். "ஒரு வக்கீல மெரட்டுனா, அந்த வக்கீல நம்பி நிக்கிற ஊரையே வாயப் பொத்தச் சொல்றதுங்க ஐயா"ன்னு அதிகாரியிடம் சொன்னாராம். ஒரு காவலர் வந்தார். தங்கமான பிள்ளை. பழகுவதற்குள் தேர்தல் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. பொழுது விடிகிற நேரத்தில் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அக்காவுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பெரிய போட்டோ, கீழே பூங்கொத்து, 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று யாரோ நண்பர்கள். எங்களுக்குத் தெரியவே தெரியாது. வாசலில் ஒப்பாரிச் சத்தம் கேட்டு நான் ஓடினால், ஒரு வேன் நிறையச் செல்லம்மாவும் ஊர்ப் பெண்களும் ஆளுயர மாலையோடு நிற்கிறார்கள். போஸ்டரைப் போனில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "எங்களுக்காவப் போயிட்டியே தாயீ"ன்னு அவர்கள் அழுததில் தெருவே கூடிவிட்டது.

அக்கா தலைக்கு மை தடவிக்கொண்டு, பழைய துண்டைத் தோளில் போட்டபடி வெளியே வந்தார்.

ஒப்பாரி நின்றுவிட்டது. செல்லம்மா மாலையைக் கீழே போட்டுவிட்டார். "வக்கீலம்மா, நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேன். மை காயிற வரைக்கும் எங்கயும் போற மாதிரி இல்ல. உள்ள வாங்க."

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. விஷயம் தெரிந்ததும் போஸ்டரை நானே போய்க் கிழித்துவிட்டு வந்தேன். டீ குடித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது இல்லையா. துக்கத்துக்கு என்று வந்தவர்கள், அந்த நினைப்பிலேயே கிளம்பிவிட்டார்கள்.

அக்கா பார்த்தார். துண்டு நழுவியதுகூடத் தெரியாமல் வாசலுக்கு ஓடினார்.

"ஏ செல்லம்மா, நில்லு. எழவு வூட்டுலேருந்து போற மாதிரி போறீங்களே எல்லாரும். நான் உசுரோடதான இருக்கேன்? போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போங்க."

ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சொன்னார்கள். "போயிட்டு வரேன் வக்கீலம்மா." சிலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். கையெல்லாம் மை.

அடுத்த வாய்தா அன்று காலையில் கதவைத் திறந்தால் செல்லம்மாவும் மூன்று பெண்களும் நிற்கிறார்கள். என்ன இந்த நேரத்தில் என்று கேட்டேன். "வரேன்னு சொல்லிட்டுல்ல போனோம்"ன்னார் செல்லம்மா. அரியலூர்ப் பக்கத்துக்காரர்கள், முதல் பஸ் பிடித்துப் பெரம்பலூர் வந்து, அக்காவை நடுவில் உட்காரவைத்து மறுபடியும் அரியலூருக்கே போவார்கள். வழக்கு நடந்த வருடங்கள் முழுக்க, வாய்தா தவறாமல், முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். கூலி போனால் போகிறது என்று வந்தார்கள். ஒரு நாள் நீதிமன்ற வாசல் டீக்கடையில் அந்த வெள்ளைச் சட்டைக்காரன் நின்றான். செல்லம்மா நேராக அவனிடம் போய், "தம்பி, போஸ்டர்ல வக்கீலம்மா போட்டோ நல்லா வந்திருந்துச்சு, எங்க எடுத்தீங்க?"ன்னு கேட்டாராம். டீயைக் குடிக்காமலே போய்விட்டான்.

குடியிருப்பை ஒட்டி வேட்டு வைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், வீடுகளுக்கான இழப்பீட்டு வழக்கும் இன்னும் நடக்கிறது. போஸ்டர் ஒட்டியவர்கள் மீது கொடுத்த புகாரும் அப்படியே இருக்கிறது.

அதற்குள் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "எனக்கு அந்தப் போஸ்டர் போட்டோவையே போடுடி, அதுல தோளு நேரா இருக்கு"ன்னார். இந்த மலரின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான். அவர் எங்களை விட்டுப் போன அன்று என் வாழ்க்கையில் பாதி போய்விட்டது. அதை அலங்காரமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் சத்தமில்லாமல் கலைந்தார்கள். செல்லம்மா மட்டும் தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து, வாசலில் நின்று, "போயிட்டு வரேன் வக்கீலம்மா"ன்னார். பின்னாலேயே மற்ற பெண்களும் வந்து சொன்னார்கள். எங்கள் மாமா பதறிப்போய், "எழவு வூட்டுல அப்படிச் சொல்லக் கூடாதும்மா"ன்னார்.

"தெரியுங்க. அவுங்கதான் சொல்லிட்டுப் போவச் சொன்னாங்க."

அக்காவுக்குக் கடைசி வரை வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மிரட்டலுக்கு நடுவிலும் எங்கள் வாசலுக்கு வந்த வழக்கறிஞர்களுக்கும், அடக்கத்தன்று தோள் கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இழப்பீட்டு வழக்கை இப்போது ஜபருல்லா பாய் நடத்துகிறார். அவருக்கு நன்றி சொன்னால் திட்டுவார், இருந்தாலும் சொல்கிறேன்.

அவர் வழக்கை எடுத்த மாதமே அவருக்கும் போன் வர ஆரம்பித்தது. பேச மாட்டார்கள், மூச்சு விடுவார்களாம். அதற்கடுத்த வாய்தா அன்று காலையில் என் கதவு தட்டப்பட்டது. செல்லம்மாவும் மூன்று பெண்களும் நின்றார்கள். லப்பைக்குடிக்காட்டுக்கு எந்தப் பஸ் என்று கேட்டார்கள். நான் பாய்க்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "நமக்கு என்னம்மா பயம், அல்லா இருக்கான், இவ்வளவு தூரம் நீங்க அலைய வேணாம்"னு அவர் சொன்னது எனக்கே கேட்டது.

"பயம் உங்களுக்கு இல்லீங்க பாய், எங்களுக்கு. நீங்க வூட்டுலயே இருங்க, வந்துர்றோம்"னார் செல்லம்மா.

அன்று கடையைப் பூட்டிவிட்டு நானும் அவர்களோடு பஸ் ஏறினேன். இன்று வந்திருக்கும் நீங்களும் கிளம்பும்போது தலையைக் குனிந்துகொண்டு போய்விடாதீர்கள். அக்கா படத்துக்கு முன்னால் நின்று, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னால் வர வேண்டியிருக்கும்.

— தங்கை