கடிதத்தில் வளர்ந்த புங்கமரம்

ஏழாம் வகுப்பு படிக்கும்போது எனக்குச் சொந்தமாக ஒரு புங்கமரம் இருந்தது. அதன் உயரம் ஏழடி மூன்று அங்குலம். தான்சானியாவில் இருந்த நீமா என்ற பெண்ணுக்கு அந்த உயரம் மாதாமாதம் தெரியும். பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் இருந்தவர்கள் மட்டும் அந்த மரத்தைப் பார்த்ததே இல்லை.

இதற்கு முதல் காரணம் எங்கள் கிளாஸ் மிஸ்ஸின் அக்கா. அவர் கன்னியாஸ்திரீ. தான்சானியாவில் டோடோமாவுக்குப் பக்கத்தில் ஒரு வறண்ட கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அடுப்புக்கரி சுடுவதற்காக வெட்டி வெட்டி மலை மொட்டையாகிவிட்டதாம். மழையும் முன்போலப் பருவம் தவறாமல் வருவதில்லையாம். ஊர்ப் பெண்கள் ஒன்றுசேர்ந்து பழைய பால் பாக்கெட்டுகளில் நாற்று வளர்த்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் தினமும் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துவந்து தங்கள் கன்றுக்கு ஊற்ற வேண்டும். இதைக் கேட்டதும் எங்கள் மிஸ்ஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கள் வகுப்பில் நாற்பது பெண்கள். நாற்பது பேருக்கும் அங்கே நாற்பது பேனா நண்பர்களைப் பிடித்துவிட்டார். அங்கே ஒருத்தி உனக்காக ஒரு மரம் வளர்ப்பாள், இங்கே நீ அவளுக்காக ஒன்று வளர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு வாய்த்தவள் நீமா.

மிஸ் கொடுத்த புங்கங்கன்றை எங்கள் வீட்டுச் சுவருக்கும் சாக்கடை ஓடும் மோரிக்கும் நடுவே இருந்த மண்ணில் நட்டேன். இருபது நாள் அதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அப்போதுதான் நீமாவின் முதல் கடிதம் வந்தது. தன் வீட்டில் ஏழு பேர் என்றும், குளிக்கிற தண்ணீரைக்கூட வீணாக்காமல் என் மரத்துக்கு ஊற்றுவதாகவும் எழுதியிருந்தாள். வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவளைவிட உயர்வாக ஏதாவது செய்ய வேண்டும் என்று, அம்மா சோறு வடித்த கஞ்சியை ஆவி பறக்க எடுத்துக்கொண்டுபோய்க் கன்றின் காலடியில் ஊற்றினேன். கஞ்சியில்தான் சத்தெல்லாம் இருக்கிறது என்று அம்மாவே அடிக்கடி சொல்வாள்.

சாயங்காலத்துக்குள் கன்று வெந்த கீரைபோலத் தலை தொங்கிவிட்டது. மறுநாள் ஒரு மாடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டது.

அன்றைக்கே உண்மையை எழுதியிருக்கலாம். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வகுப்பில் சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொருவரும் மாதக் கடைசியில் தங்கள் மரத்தின் உயரத்தை அதில் குறிக்க வேண்டும். என் பெயருக்கு நேரே பூஜ்ஜியம் போட எனக்குக் கை வரவில்லை. ஓரடி இரண்டு அங்குலம் என்று போட்டேன். அதையே நீமாவுக்கும் எழுதினேன். எனக்காக வளர்க்கும் மரம் தன் கை நீளத்துக்கு வந்துவிட்டதாக அவள் பதில் எழுதினாள். நான் இரண்டடிக்குப் போனேன். அவள் இடுப்புவரை என்றாள். நான் நான்கடி என்றேன். ஆறாம் வகுப்பில் தொடங்கி ஒரு வருடத்துக்குமேல் இப்படியே இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் வளர்த்தோம். கடைசியில் அவள் மரம் அவளுடைய தோளுக்கு வந்தது. என்னுடையது ஏழடி மூன்று அங்குலத்தில் நின்றது.

தசரா லீவுக்கு முந்தைய வாரம் மிஸ் வகுப்பில் சொன்னார். நீமாவின் டீச்சர் ஏதோ பயிற்சிக்காக பெங்களூர் வந்திருக்கிறார். எல்லா மரங்களையும் பார்க்க அவருக்கு நேரமில்லை. ஆகையால் வகுப்பிலேயே உயரமான மரத்தை மட்டும் சனிக்கிழமை காலையில் பார்க்க வருகிறார். எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டில் எங்களோடு இருந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணங்களுக்கு ஷாமியானா போடும் தொழில். அழுதுகொண்டே எல்லாவற்றையும் அவரிடம்தான் சொன்னேன்.

"எத்தன அடின்னு எழுதின?"

"ஏழு. மூணு இன்ச்சு."

"அந்த மூணு இன்ச்சு எதுக்கு?"

"அப்பத்தான மாமா நம்புவாங்க."

மாமா என்னை ஒரு புது மரியாதையோடு பார்த்தார். "அழாத. ஸ்டேஜுக்குப் பின்னாடி மலையே நிக்க வெச்சிருக்கேன். ஒரு மரத்த நிக்க வெக்க மாட்டனா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லக்கேஜ் ஆட்டோவில் ஒரு புங்கமரம் வந்து இறங்கியது. தெரிந்த நர்சரிக்காரரிடம் திங்கட்கிழமை திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிவந்திருந்தார். பாதியாக வெட்டிய தார் டின்னில் வளர்ந்த மரம். மாமா குழி தோண்டி டின்னோடு அதை இறக்கினார். விளிம்பு தெரியாமல் மண்ணைப் பரப்பி, மேலே நாலு சருகையும் தூவினார். ஒரே ஒரு குறைதான். டேப் வைத்து அளந்தால் ஐந்தடி நான்கு அங்குலம்தான் இருந்தது.

"கேட்டா மழைக்கு முன்னாடி தலைய வெட்டி உட்டோம்னு சொல்லு" என்றார் மாமா.

எதிர்வீட்டு ஆன்ட்டி வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்று, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "ஏன்ரீ இது? காலைல வாசல் தெளிக்கறப்ப இங்க ஏனூ இல்லையே!"

"ஹைப்ரிட் ஆன்ட்டி. சட்டுனு வளந்துடும்" என்றார் மாமா.

அம்மாவுக்கு யாரை முதலில் திட்டுவது என்று தெரியவில்லை. "பொய்யி எழுதுனதுக்கு இவள அடிக்கணும். அதுக்கு ஒரு மரத்தயே கொண்டாந்தவன எதால அடிக்கறது?" என்று கேட்டுவிட்டு, வருகிறவருக்குக் கேசரி கிண்ட ரவை இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

சனிக்கிழமை காலையில் மிஸ்ஸோடு ஆட்டோவில் அவர் வந்தார். நல்ல உயரம். தலையில் மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துக் கொடுப்பதுபோலப் பேசினார். அவருடைய ஊர் நாற்றுக் குழுவுக்கு அவர்தான் தலைவி என்று மிஸ் சொன்னபோது மாமாவின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. அம்மா நீட்டிய தண்ணீரை வாங்கியவர் தான் குடிக்காமல் நேரே மரத்திடம் போய், அதன் காலடியில் ஊற்றிவிட்டு மண்டியிட்டார். இலைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டார்.

விரல் பாதியில் நின்றது. கொஞ்சம் தள்ளி விட்டார். அங்கேயும் நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"பாறை" என்றார். "உங்கள் ஊர் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது என்று பயிற்சியில் சொன்னார்கள். உண்மைதான் போலிருக்கிறது."

"எஸ் மேடம், ஃபுல்லா பாறை" என்றார் மாமா, உயிர் வந்தவராக.

"பாவம், மரத்துக்கு மூச்சு முட்டுகிறது. இலையைப் பார்த்தாலே தெரிகிறது. பாறையை எடுத்துவிடலாம். ஒரு கடப்பாரை கிடைக்குமா?"

வேர் அசைந்தால் மரத்துக்கு ஆகாது என்று மாமா தமிழும் ஆங்கிலமும் கன்னடமும் கலந்து என்னவோ சொல்லிப் பார்த்தார். அதற்குள் எதிர்வீட்டு ஆன்ட்டி தன் வீட்டுக் கடப்பாரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

டீச்சர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தோண்டினார். ஒரு சாண் போவதற்குள் துருப்பிடித்த டின் விளிம்பு வட்டமாக வெளியே வந்தது. மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. குழியும் அங்கே தயாராகத்தான் இருந்தது.

"ஓ" என்றார் டீச்சர். "எலி கடிக்காமல் இருக்கக் காவல் போட்டிருக்கிறீர்கள். நல்ல யோசனை."

"ஆமா மேடம், எலி. இந்த ஏரியால பெருச்சாளி ஜாஸ்தி" என்றார் மாமா.

"மரம் இப்போது பெரிதாகிவிட்டது. இனிமேல் காவல் தேவையில்லை. வெட்டி எடுத்துவிடுங்கள்."

மாமா தகரம் வெட்டும் கத்திரியை எடுத்துவந்து அந்த டின்னைத் தன் கையாலேயே வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் முகத்தில் நர்சரிக்காரர் வந்து போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. டின்னுக்குள் வேர்கள் போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்தன. டீச்சர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தலைச்சிக்கு எடுப்பதுபோல விரலால் அவற்றைப் பிரிக்கச் சொன்னார். குழியை இரண்டு மடங்கு அகலமாக்கினோம். தெருப் பிள்ளைகள் சருகு பொறுக்கி வந்தார்கள். யாரோ சாணம் கொண்டுவந்தார்கள். ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாகூட பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு மண் தள்ளினார்.

நட்டு முடித்ததும் டீச்சர் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தார். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் இந்தத் தெருவில் எங்கே போகிறது என்று கேட்டார்.

"மோரிக்கு" என்றாள் அம்மா.

எங்களுக்கு அப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். அதைச் சொல்லிப் புலம்பாத வீடு கிடையாது. டீச்சர் தன் ஊர்க் கதையைச் சொன்னார். அங்கே ஆற்று மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் குடத்தில் மொண்டு தலையில் சுமந்து வருவார்களாம். அப்படிக் கொண்டுவந்த தண்ணீரில் பாத்திரம் கழுவியபின் மிச்சமிருப்பதைத்தான் மரங்களுக்கு ஊற்றுவார்கள். இன்றைக்கு யார் முறை என்பதில் சண்டைகூட வருமாம். "எங்கள் பெண்களால் உட்கார்ந்து பேசி மழையைத் திருப்பி அழைக்க முடியாது. மழை வரும்போது நிற்பதற்கு மண்ணாவது இருக்கட்டும் என்று பார்க்கிறோம்" என்றார். மிஸ் அதைத் தமிழில் சொன்னார். எதிர்வீட்டு ஆன்ட்டி அதையே கன்னடத்தில் பக்கத்து வீட்டுக்குச் சொன்னார்.

"சோமவாரம் நம்ம மனெ", திங்கட்கிழமை தன் வீட்டு முறை என்று முதல் கையைத் தூக்கியவரும் அவர்தான். பத்து நிமிடத்தில் ஏழு நாளைக்கும் ஏழு வீடு ஆகிவிட்டது. எட்டாவது வீட்டுக்காரருக்குக் கோபம். அவருக்காகவே சுவரோரமாக இன்னும் நான்கு குழி தோண்டுவது என்று முடிவாயிற்று. கன்றுகள் தருவதாக மிஸ் ஒப்புக்கொண்டார்.

டீச்சர் கை கழுவும்போது நான்தான் சொம்பில் தண்ணீர் ஊற்றினேன். கழுவிய தண்ணீர் வீணாகாமல் கீழே ஒரு வாளி வைத்திருந்தோம். அவர் என் பக்கம் குனிந்து, மெதுவான குரலில், "நீ நன்றாக எழுதுகிறாய். இனிமேல் இந்த மரத்தைப் பற்றி எழுது" என்றார்.

என் கையெழுத்தைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தகரத்தை அவர் எலிக்காவல் என்று நம்பிவிட்டதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. இவ்வளவு நல்லவரை ஏமாற்றிவிட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டேன்: "நீமாவோட மரம் அவ தோள் வரைக்கும் வந்துடுச்சாமே டீச்சர்?"

அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, தலைத்துணி நழுவச் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். "ஊருக்குப் போனதும் நானே அளந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கேசரியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, என்னையும் மரத்தையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நர்சரிக்காரரை மாமா எப்படியோ சமாளித்தார். அவர் பெண்ணின் காதுகுத்துக்கு ஒரு பைசா வாங்காமல் பந்தல் போட்டது மட்டும் எனக்குத் தெரியும். புங்கமரம் ஒரு வாரம் இலையெல்லாம் கொட்டி எங்களைப் பயமுறுத்தியது. பிறகு நுனியில் செம்பு நிறத்தில் துளிர் விட்டது. முதலில் பார்த்தது புதன்கிழமை வீட்டுக்காரர். அவர் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். நான் நீமாவுக்கு ஐந்தடி நான்கு அங்குலம் என்று எழுதினேன். அடுத்த கடிதத்திலும் அதே உயரம்தான். எழுதுவதற்கு ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. அதனால் துளிரைப் பற்றியும், தண்ணீர் முறைக்காக நடக்கிற சண்டைகளைப் பற்றியும் எழுதினேன்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்பு நீமாவின் கடிதம் வந்தது. அங்கே மழை தொடங்கிவிட்டதாம். டீச்சர் என் போட்டோவை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினாராம். ஆடு நுழையாதபடி எனக்கான மரத்தைச் சுற்றி அவளும் டீச்சருமாக முள்வேலி கட்டியிருக்கிறார்களாம். மரம் நன்றாக இருக்கிறது, அவளுடைய முழங்கால்வரை வந்துவிட்டது, இரண்டு புது இலை விட்டிருக்கிறது.

போன கடிதம்வரை தோளளவு இருந்த மரம் இப்போது முழங்காலளவு. நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். மரம் குள்ளமாக முடியாது. அப்படியானால் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும்.

"நீமா அதுக்குள்ள எவ்ளோ ஒசரமாயிட்டா பாரும்மா" என்றேன்.

அம்மா கடிதத்தை வாங்கிப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். "ஆமாம்மா, நல்லாத்தான் வளந்துட்டா" என்று மடித்துக் கொடுத்தாள்.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரமாக நின்று என்னை அளந்து பார்த்தேன். நான் அரை அங்குலம்கூட வளர்ந்திருக்கவில்லை.