என் குரல் சொன்ன வெரி குட்

என்னை வேலையை விட்டு நீக்கியபோது, என் இடத்தில் வேறு யாரையும் வைக்கவில்லை. என்னையே வைத்தார்கள்.

மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடம் இருந்தேன். பக்கங்களைக் குறைத்தபோது ஆட்களையும் குறைத்தார்கள். அருப்புக்கோட்டைக்குத் திரும்பி ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் சேர்ந்தேன். உரிமையாளர் முன்பு செல்போன் கடை வைத்திருந்தவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை.

வாரம் முழுக்கப் போனில் பாடம், ஞாயிற்றுக்கிழமை நேரில் வகுப்பு. இந்த யோசனை என்னுடையது. திருச்சுழிப் பக்கத்திலிருந்தும் வீரசோழனிலிருந்தும் தினமும் பஸ் ஏறி வர யாராலும் முடியாது. வீட்டிலிருந்தே கேட்கட்டும், சொல்லிப் பார்க்கட்டும்; தப்பை ஞாயிற்றுக்கிழமை நான் திருத்துகிறேன் என்றேன். அதனால் வீடியோவில் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பதில் சொல்ல இடைவெளி விட்டேன்.

பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள். கரண்ட் போனால்தான் தறிச் சத்தம் நிற்கும். ஆகவே கரண்ட் போகும்போதெல்லாம் பேட்டரி விளக்கைப் பொருத்திக்கொண்டு பதிவு செய்தோம். எல்லாப் பாடத்திலும் என் நெற்றி வியர்த்திருக்கும்.

உரிமையாளர் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முதல் பதிவிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"மேடம், நீங்க பாட்டுக்கு கேள்வி கேட்டுட்டு சும்மா நிக்கிறீங்க. பாக்கறவுகளுக்கு சோர்வாயிரும். ஒரு வெரி குட் போடுங்க."

"அவுக என்ன சொன்னாகன்னே தெரியாம எப்படி சார் வெரி குட் சொல்றது?"

"சொன்னா கொறஞ்சா போயிருவீங்க? கல்யாண வீட்ல மொய் வைக்காதவனுக்கும் வாங்கன்னுதான் சொல்றோம்."

ஞாயிற்றுக்கிழமை நான்தானே இருக்கப்போகிறேன் என்ற தைரியத்தில் சொன்னேன். ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும், சிரித்த முகத்தோடு, "வெரி குட்!"

கடைசிப் பாடம் பதிவான மறுவாரம் கூப்பிட்டார்.

"மேடம், இனி நீங்க அலையவேணாம். வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"ஞாயிற்றுக்கிழமை வகுப்பு?"

"அதான் வீடியோல இருக்கீங்கள்ல. போதும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போன குடையை எடுக்கச் சென்றேன். சுவரில் பெரிய டிவி. அதில் நான். எதிரே பெஞ்சுகளில் என் மாணவர்கள். நான் கேட்டேன், அவர்கள் ஆளுக்கொரு பதில் முணுமுணுத்தார்கள், நான் எல்லோருக்கும் சேர்த்து வெரி குட் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒருவன் வாயே திறக்கவில்லை. அவனுக்கும் சொன்னேன். வாசல் ஃப்ளெக்ஸில் என் படம் அப்படியே இருந்தது.

குடையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கினேன். சண்டை போடவில்லை. கோபத்தோடு எழுதும் செய்தியில் கோபம்தான் தெரியும் என்று செய்தி மேசையில் கற்றுக்கொண்டது அப்போது உதவியது. சரியான சந்தர்ப்பம் கிடைக்கும்வரை காத்திருந்தேன்.

அந்தச் சந்தர்ப்பத்தைக் கொண்டுவந்தவள் என் மாணவி, வீரசோழன்காரி. கல்யாணமான சூட்டிலேயே கணவர் வளைகுடாவுக்குத் திரும்பிவிட்டார். அவர் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடையாது. அந்த ஊரில் ஒரு கிளினிக்கில் வரவேற்பு வேலை கிடைத்தால், இவள் தன் விசாவிலேயே போய்ச் சேரலாம். போன் திரையில் குடித்தனம் நடத்துவதை முடித்துக்கொள்ள இவளுக்கு இருந்த ஒரே வழி அது. அதற்காகத்தான் சென்டரில் சேர்ந்திருந்தாள்.

என் வீட்டுக்கு வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"இன்டர்வியூ போச்சு டீச்சர்."

"என்ன நடந்துச்சு?"

"வீடியோ கால்தான். ஒரு அம்மா கேள்வி கேட்டாக. சொன்னேன். சொல்லிட்டு நின்னேன்."

"எதுக்கு நின்ன?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வெரி குட் சொல்வாகன்னு."

அந்த அம்மா சொல்லவில்லை. தப்பாகிவிட்டதோ என்று இவள் அதே பதிலைத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். மறுபடியும் நின்றிருக்கிறாள். மூன்றாவது கேள்வியிலேயே அந்த அம்மா நன்றி சொல்லி முடித்துவிட்டார்.

"தெனமும் நீங்கதான டீச்சர் வெரி குட்னு சொன்னீக? அவுககிட்டகூட சொன்னேன், எங்க டீச்சர் பாராட்டாத நாளே இல்லன்னு."

"திரும்ப எப்ப கேப்பாக?"

"ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு சான்ஸு தாரோம்னாக. அதோட சரி."

அன்று மாலையே பாளையம்பட்டியில் சிமென்ட் கடை மாடியைப் பேசி முடித்தேன். விளம்பரம் கிடையாது. அவள் நாலு பேரிடம் சொன்னாள். சென்டரில் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தவர்கள்தான் வந்தார்கள். எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு கும்பலே வந்தது. எல்லோரிடமும் ஒன்றுதான் கேட்டேன்: போனைக் கொண்டு வாருங்கள், சென்டர் கொடுத்த வீடியோ அதில் இருக்கட்டும்.

ஒரு போனை ஸ்பீக்கரில் மாட்டி மேசையில் வைத்தேன். பக்கத்தில் நான் நின்றேன். திரையில் இருந்த நான் கேட்டேன்: "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்." வீரசோழன்காரி மனப்பாடமாக ஒப்பித்தாள். இடைவெளி முடிந்தது.

"வெரி குட்!" என்றது திரை.

"இல்ல," என்றேன் நான். "நீ சொன்னது ஒன்னப் பத்தி இல்ல. யாரு சொன்னாலும் இதேதான். மறுபடி சொல்லு."

மாடி சிரிப்பில் அதிர்ந்தது. அவளும் சிரித்தாள். பிறகு அதுவே எங்கள் பாடமுறையானது. திரை கேட்கும், அவர்கள் சொல்வார்கள், திரை பாராட்டும், நான் மறுப்பேன். திரையில் இருந்தவளை 'அந்த டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"அந்த டீச்சர் எம்புட்டு தங்கமானவுக! நீங்கதான் மோசம்," என்றான் ஒருவன்.

"ஏலே, அந்த டீச்சர நம்பி போயி பாரு, அப்ப தெரியும்," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

என் முகத்தையே நான் மறுத்துப் பேசுவதில் இருந்த சுகத்தை மறைக்க மாட்டேன். ஒவ்வொரு 'இல்ல'வும் உரிமையாளருக்காகவே சொன்னது. செலவு செய்து அவர் எடுத்த வீடியோ என் வகுப்புக்குப் பாடப்புத்தகம். அவர் போடச் சொன்ன வெரி குட், ஊர் சிரிக்கும் நகைச்சுவை. சென்டரில் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகள் காலியாகின்றன என்று கேள்விப்பட்ட அன்று நன்றாகத் தூங்கினேன்.

வீரசோழன்காரிக்கு மட்டும் கூடுதல் பயிற்சி. பதில் சொன்னபின் நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்பேன். அந்த மௌனத்தைத் தாங்க வேண்டும். திரும்ப ஒப்பிக்கக் கூடாது. முதல் வாரம் கண் கலங்கினாள். பிறகு என்னையே முறைக்கப் பழகிக்கொண்டாள்.

இரண்டாவது நேர்காணலை மாடியிலேயே வைத்துக்கொண்டோம். வீட்டில் சிக்னல் போதாது. கதவைச் சாத்திவிட்டு, லேப்டாப்புக்கு எதிரே அவள், திரையில் படாமல் ஓரத்தில் நான். கால் தொடங்கியதும் படிக்கட்டில் செருப்புச் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு உரிமையாளர் வந்தார். முகம் சிவந்திருந்தது. வாயைத் திறந்தார். நான் உதட்டில் விரல் வைத்தேன். அவர் லேப்டாப்பைப் பார்த்தார், சுவரோரம் நின்றுவிட்டார். கத்துவதற்காக மாடி ஏறி வந்தவர் நேர்காணல் முழுவதும் மூச்சுவிடாமல் நிற்க வேண்டியதாயிற்று.

அதே அம்மாதான். போன் அடிக்கிறது, எதிரே ஒரு நோயாளி கத்துகிறார், என்ன செய்வாய் என்று கேட்டார். இவள் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். அந்தப் பக்கம் மௌனம். இவள் அசையவில்லை. பிறகு, அந்த நோயாளி எதற்காகக் கத்துகிறார் என்று தெரிந்தால் இன்னும் சரியாகச் சொல்வேன் என்றாள், ஆங்கிலத்தில். அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

கால் முடிந்தது. உரிமையாளர் தன்னை அறியாமல் சொன்னார்: "வெரி குட்மா!"

"இல்ல சார்," என்றாள் அவள் சாதாரணமாக. "ரெண்டு எடத்துல சொதப்பிட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "என் வீடியோவ வச்சு இங்க கட நடத்துறீங்களா மேடம்?"

"நான் எதையும் எடுக்கல சார். அவுகவுக பணம் கட்டி வாங்குனது, அவுகவுக போன்ல ஓடுது. நான் பக்கத்துல நிக்கிறேன், அம்புட்டுதான்."

அவர் குரலை இறக்கினார். "சரி, விடுங்க. ஞாயித்துக்கெழமைக்கு நீங்களே வந்துருங்க. பழசெல்லாம் வேணாம்."

இந்த வாக்கியத்துக்காகத்தான் இத்தனை நாள் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"நான் எதுக்கு சார்? அதான் வீடியோல இருக்கேன்ல. போதும்."

வீரசோழன்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அவர் படியிறங்கும் சத்தம் ஏறிவந்த சத்தத்தைவிட மெதுவாக இருந்தது.

அவளுக்கு விசா வந்தது. போய்ச் சேர்ந்ததும் குரல் செய்தி அனுப்பினாள். பின்னணியில் அவள் கணவர் சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. "இருங்க மச்சான், டீச்சர்ட்ட பேசிட்டு வாரேன்," என்றாள் அவரிடம். பிறகு என்னிடம்: "இங்க யாருமே வெரி குட் சொல்றதில்ல டீச்சர். நிம்மதியா இருக்கு."

சென்டரை அவர் இன்னும் மூடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவழியாகப் போனேன். கரண்ட் இருந்தது, தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதையும் மீறி சென்டர் மாடியிலிருந்து என் குரல் கேட்டது. கேள்வி, இடைவெளி, வெரி குட். இடைவெளியில் ஒரு குரலும் பதில் சொல்லவில்லை. நின்று இன்னொரு கேள்வியையும் காதில் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன்.