பூட்டு உடையாத திருட்டு

அந்த ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கறார் அக்கா என்றுதான் எல்லோருக்கும் பழக்கம். வெள்ளை விரிப்பில் ஊசிமுனை அளவு கறை தெரிந்தால் போதும், மடித்து அடுக்கியதைக்கூடப் பிரித்து மறுபடி இயந்திரத்துக்குள் தள்ளச் சொல்வாள். தங்குபவர் தூங்கத்தானே போகிறார் என்று மேலாளர் ஒருமுறை சமாதானம் சொன்னபோது, கண்ணைத் திறந்துகொண்டுதானே கட்டில் வரை நடந்து போவார் என்று கேட்டு அவர் வாயை அடைத்தவள். பிழைப்புக்காக நாடு விட்டு நாடு வந்தும் அந்தக் குணத்தை மட்டும் அவள் ஊரில் விட்டுவிட்டு வரவில்லை.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் திருடன் புகுந்தான்.

உருளைத் தேய்ப்பு இயந்திரத்தில் ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தபோது அண்ணனின் அழைப்பு வந்தது. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாவி அவரிடம்தான் இருந்தது. இரண்டு பஸ் மாறி வந்து மாதம் ஒரு தடவை வீட்டைத் திறந்து பார்ப்பது அவர் பொறுப்பு.

"இங்க பாரும்மா, பதறாம கேளு. வீட்டுல திருட்டு போயிருக்கு."

"என்ன போச்சு?"

"என்ன போகலன்னு கேளு. மோட்டார், குழாய், பாத்திரம், பீரோ. சுவத்தைக் குடைஞ்சு வயரை உருவிட்டுப் போயிருக்கான். குளியலறைக் கதவோட கைப்பிடியைக்கூட விடலை."

விரிப்பு ஒரு பக்கமாக இழுபட்டுச் சுருங்கி உருளைக்குள் போனது. பக்கத்தில் நின்றவள் ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினாள். கறார் அக்காவின் கையில் விரிப்பு சுருங்கியதை அந்தக் கூடம் அன்றுதான் பார்த்தது.

அந்த வீடு வெறும் கல்லும் மண்ணும் இல்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊருக்குப் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்து எழுப்பிய வீடு. முதலில் முன்னறை, அப்புறம் சமையலறை, பிறகு மாடிப்படி என்று அது தவணை தவணையாக வளர்ந்தது. அதே ஓட்டலுக்குப் புருஷன் வேன் ஓட்டி, இவள் துணி தேய்த்து, மகளைக் கட்டிக்கொடுத்தது போக மிஞ்சியதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. முழங்கால் வலி தாங்க முடியாமல் போகும் அன்றைக்கு அங்கே போய் உட்காருவேன் என்பதுதான் அவள் கணக்கு. வேறு கணக்கு அவளிடம் இல்லை.

அண்ணன் மறுநாளே தன் பழைய பேச்சை மறுபடி ஆரம்பித்துவிட்டார். "பேசாம வித்துடும்மா. ஆள் இல்லாத வீட்டை எத்தனை நாளைக்குக் காப்பாத்த முடியும்? எனக்கும் வயசாகுது. அடுத்த தடவை கதவு, ஜன்னலைப் பேத்துக்கிட்டுப் போவான்."

"விக்கிற பேச்சே எடுக்காதீங்க அண்ணா. எப்படி உள்ள வந்தான்? அதைச் சொல்லுங்க."

"பூட்டு உடையலை. கெட்டிக்காரத் திருடன்னு போலீஸ்ல சொன்னாங்க."

கெட்டிக்காரத் திருடன் என்ற பேச்சு அவளுக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. கதவைத் திறக்கத் தெரிந்த கெட்டிக்காரன் குளியலறைக் கைப்பிடியையா கழற்றிக்கொண்டு போவான்? ஆனாலும் தூரத்தில் இருப்பவள் என்ன செய்வாள்? கேமரா வாங்கி அனுப்பினாள். வாசல் கேட்டுக்கு ஒரு தேங்காய் அளவுக்குப் பூட்டு வாங்கித் தொங்கவிடச் சொன்னாள். இடைவேளையில் அழுக்குத்துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கைபேசியில் தன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் கேமராவின் முகத்தில் ஒரு சிலந்தி குடிவந்தது. அதற்குப் பிறகு வீடும் தெரியவில்லை, வாசலும் தெரியவில்லை, எட்டுக் கால்தான் தெரிந்தது.

புருஷன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆள் இல்லாத வீட்டுக்கு ஒரு ஆளாவது கிடைச்சுதே."

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

"விளையாட்டு இல்லம்மா. அவ்வளவு பெரிய பூட்டை வெளியில தொங்கவிட்டா என்ன அர்த்தம்? உள்ள ஆள் இல்லன்னு போர்டு மாட்டின மாதிரிதானே? கேமராவுக்கு சிலந்தியை விரட்டத் தெரியாது. அந்தத் தெருவுல கண் கொட்டாம பார்க்கிற ஆள் ஒருத்தர்தான் இருக்காங்க. யாருன்னு உனக்கே தெரியும்."

தெரியும். அதனால்தான் அவள் முகம் கடுகடுத்தது.

எதிர்வீட்டுக்காரி தெருவையே கண்ணில் கட்டிக்கொண்டு திரியும் ரகம். யார் வீட்டுக்கு என்ன பெட்டி வருகிறது, யார் மருமகள் எத்தனை மணிக்கு எழுந்தாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இவர்கள் குளியலறைக்கு என்ன டைல்ஸ் போட்டார்கள் என்று எட்டிப் பார்த்து, அதைத் தெருமுனை வரை கொண்டுபோய்ச் சேர்த்தாள். கறார் அக்கா சும்மா விடுவாளா? ஊருக்குப் போயிருந்த சமயம், நடுத்தெருவில் நின்று, "இனிமே எங்க வீட்டுப் பக்கம் உன் பார்வையே படக் கூடாது!" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். வயதில் மூத்தவளை 'நீ' என்று பேசியது அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அத்தோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

ஒரு வாரம் மனசோடு மல்லுக்கட்டினாள். வீடு பெரிதா, வீம்பு பெரிதா என்று விரிப்பு மடிக்கும்போதெல்லாம் கேள்வி வந்து நின்றது. கடைசியில் தெருமுனை மளிகைக்கடைக்காரரிடம் எண் வாங்கி அழைத்தாள்.

"அக்கா, நான்தான். எதிர்வீடு."

அந்தப் பக்கமிருந்து, "என்ன இப்போ? நான் உன் வீட்டைப் பார்த்தேன்னு யாராவது சொன்னாங்களா?" என்று வந்தது.

"இல்லக்கா. நான் பேசினது தப்பு. நடுத்தெருவுல வெச்சுப் பேசினேன், அது அதைவிடத் தப்பு. திருட்டு போச்சே, ஏதாவது பார்த்தீங்களா?"

"பார்த்தேனே."

கறார் அக்கா மூட்டையின் மேலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள்.

"பட்டப்பகல்ல டெம்போ வந்துச்சு. ஒருத்தன் சாவி போட்டுத் தொறந்தான். பாட்டு போட்டுக்கிட்டு நிதானமா ஏத்தினாங்க. பீரோ நிலைப்படியில இடிச்சப்ப, பார்த்துடா, பெயின்ட் போயிடும்னு வேற சொன்னான்."

"சாவி போட்டா தொறந்தான்? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாக்கா?"

"கேக்கலாம்னு செருப்பைக்கூட மாட்டிட்டேன். நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. பார்வையே படக் கூடாதுன்னவ வீட்டுல நான் எந்த மூஞ்சியோட போய்க் கேள்வி கேக்கிறது? கழட்டிப் போட்டுட்டு உள்ள போயிட்டேன். அதுவும் இல்லாம அவன் தெரிஞ்ச ஆள்தான். உங்க அண்ணன் முன்னாடி ரெண்டு மூணு தடவை கூட்டிட்டு வந்து வீட்டைச் சுத்திக் காட்டினாரே, அந்தத் தரகர். அப்புறம் அவனே தனியா சாவியோட வருவான், போவான். உங்க ஆளுன்னு நினைச்சேன்."

திருடனைக் கைகாட்டி உள்ளே அனுப்பியது தன் வாய்தான் என்பது ஒரு பக்கம் அவளைக் குத்தியது. மறுபக்கம் அண்ணன். விற்கமாட்டேன் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருக்க, அவர் இவள் முதுகுக்குப் பின்னால் தரகனைக் கூட்டி வந்து, சாவியையும் தூக்கிக் கொடுத்திருக்கிறார். திருட்டுக்குப் பிறகு எதையும் சொல்லாமல் பூசி மெழுகியிருக்கிறார். அழுகை வந்தது. அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனை அழைத்தாள்.

அவர் முதலில் மென்று விழுங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார். "உன் நல்லதுக்குத்தாம்மா. நல்ல விலை வந்தா நீயே மனசு மாறுவேன்னு நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு பஸ் மாறி வர முடியலை, அதான் சாவியை அவன்கிட்டயே விட்டேன். திருப்பிக் கொடுத்துட்டானே. இன்னொரு சாவி வெட்டி வெச்சிருப்பான்னு நான் கண்டேனா? விசாரிக்கலாம்னு போனா ஆளையே காணோம்."

"சரி அண்ணா," என்றாள். அழைப்பைத் துண்டித்தாள். கத்தாத கறார் அக்காவைப் பார்த்து புருஷனுக்கே பயம் வந்தது.

மறுபடியும் எதிர்வீட்டுக்கு அழைத்தாள். "அக்கா, இனிமே எங்க வீட்டை நீங்கதான் பார்க்கணும்."

"நான் சும்மா பார்க்க மாட்டேன். வாயைத் தொறந்து கேப்பேன். எவன் வந்தாலும் கேப்பேன், உன் அண்ணன் வந்தாலும் கேப்பேன். அப்புறம் மூக்கை நுழைக்கிறேன்னு சொல்லக் கூடாது."

"முழுசா நுழைங்க அக்கா."

எதிர்வீட்டுக்காரிக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆள் வரவழைத்துக் கதவுப் பூட்டை மாற்றினாள். ஆள் வேலையை முடிக்கும்வரை அவன் தலைமேலேயே நின்றாள். அவனைக் கொண்டே தேங்காய்ப் பூட்டையும் கழற்றி எறிந்தாள். தன் வீட்டுத் துணியைத் தினமும் இந்த மாடியில் காயப்போட்டாள், மகனின் ஸ்கூட்டரை இந்த வாசலில் நிறுத்தச் சொன்னாள், வாசற்படியில் உட்கார்ந்து ஊர்க்கதை முழுவதையும் கைபேசியில் உரக்கப் பேசினாள். சிலந்தியையும் விளக்குமாற்றால் ஒரு வழி பண்ணினாள். கேமராவில் இப்போது வீடு தெரிந்தது, அதைவிட அதிகமாக அவள் தெரிந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். கைபேசியில் அண்ணன் தெரிந்தார். வேறொரு தரகரோடு கேட்டைத் திறந்து உள்ளே வந்து, கதவில் சாவியை நுழைத்தார். திருகினார். எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி திருகினார். அதற்குள் எதிர்வீட்டுக்காரி தெருவைக் கடந்து இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள்.

"யாரைக் கேட்டுத் தொறக்கிறீங்க?"

"நான் வீட்டுக்காரியோட அண்ணன்."

"தெரியும். அவ சொல்லணும்."

அண்ணன் கோபத்தோடு தங்கையை அழைத்தார். "என்னம்மா இது! பூட்டை மாத்திட்டியா? மூணாம் மனுஷி என்னை வாசல்ல நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறா. நான் உன் கூடப்பொறந்தவன்!"

"கூடப்பொறந்தவர்னுதான் அண்ணா, சாவி உங்ககிட்ட இருந்து போச்சுன்னு நான் போலீஸ்ல சொல்லலை."

தரகர் மெல்ல நழுவி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். வெயிலில், திறக்காத சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நரைத்த தலையோடு அண்ணன் நின்றார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு இவளைத் தோளில் தூக்கிப் போனவர். கதவைத் திறந்துவிடச் சொல்ல ஒரு நொடி அவள் நாக்கு புரண்டது. அடக்கிக்கொண்டாள்.

எதிர்வீட்டுக்காரி அவரிடமிருந்து கைபேசியை வாங்கிக் குரலைத் தாழ்த்தினாள். "பாவம், வெயில்ல தவிச்சுப் போய் நிக்கிறார். என்ன பண்ணட்டும்?"

"தண்ணி கொடுங்க அக்கா. சாப்பாடும் போடுங்க," என்றாள் கறார் அக்கா. "உங்க வீட்டுல உக்கார வெச்சு."