பண்ணையாரிடம் கொடுத்த மூவாயிரம்

வாத்தியார் வேலையில் ஒரு தொல்லை உண்டு: நமக்குச் சம்பளம் வரும் தேதி ஊருக்கே தெரியும். வாய்ச்சொல்லை நம்பிக் கடன் கொடுத்துவிட்டு நடையாய் நடந்தவர்கள் எல்லாரும் ஒரே ஜாதி. நீங்களும் என் ஜாதியென்றால் மேலே படியுங்கள்.

நம்பிக்கை

குடவாசல் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் அப்போது வேலை பார்த்தேன். ஒரு நாள் பண்ணையாரே பள்ளிக்கூடம் தேடி வந்தார். என் அப்பா நாற்பது வருஷம் உழைத்தது அவர் வயலில்தான். மனைவிக்குத் தஞ்சாவூரில் அவசர ஆபரேஷன், மூவாயிரம் வேண்டும், அறுவடை முடிந்ததும் தந்துவிடுவதாகச் சொன்னார். என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தேன். அந்த வீட்டு வாசற்படியை மிதிக்காத குடும்பத்திலிருந்து ஒருவன் அவருக்கே கடன் கொடுக்கிறான் என்ற பெருமை எனக்கு. புரோநோட்டு என்று இழுத்தேன். அவர் சிரித்தார்.

"உங்கப்பன் என்கிட்ட எதையாவது எழுதி வாங்கியிருக்கானா, வாத்தியாரே?"

அறுவடை

அந்த வருஷம் கூலி உயர்வு கேட்டு எங்கள் தெருவே வேலைநிறுத்தத்தில் இருந்தது. அப்பாவும்தான். கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. பணம் கொடுத்த நாலாம் நாள் இரண்டு லாரியில் வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள், போலீஸ் காவலோடு. ஆபரேஷனுக்குப் போயிருக்க வேண்டிய பண்ணையாரம்மா களத்துமேட்டில் நின்று அவர்களுக்கு மோர் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலைநிறுத்தம் ஒரே வாரத்தில் உடைந்தது. பழைய கூலிக்கே எல்லாரும் திரும்பினார்கள். நான் பணம் கொடுத்த விஷயம் எப்படியோ அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவர் என் வீட்டில் சாப்பிடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"லாரிக்கு வாடகை கொடுத்தது நீதானாடா?"

உச்சவரம்பு

அடுத்த இரண்டு வருஷம் நடந்தேன். போன மாதம் பூச்சி, இந்த மாதம் வெள்ளம். நெல் விற்ற பணமாவது தரக்கூடாதா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலத்தையெல்லாம் மைத்துனன் பேரிலும் கோயில் பேரிலும் மாற்றியிருந்த சமயம்.

"எம் பேர்ல ஒரு குழி நிலம்கூட இல்லையே. நானே இப்ப உங்கள மாதிரிதான்."

கட்சி

மேடையில் பண்ணையார்களைக் கிழித்துத் தோரணம் கட்டும் கட்சிப் பிரமுகர் ஒருவரிடம் போனேன். சைக்கிளை நிறுத்திப் பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவரு போன வாரம்தான் நம்ம கட்சியில சேர்ந்தாரு, தம்பி. கொஞ்சம் பொறுத்துப் போங்க."

காப்பிக் கடை

என் மகளுக்கு ஆசிரியப் பயிற்சியில் இடம் கிடைத்தது. பணம் கட்ட மறுநாள் கடைசி. கடைத்தெருவில் காப்பி குடித்துக்கொண்டிருந்த பண்ணையார் முன்னால் போய் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் சத்தமாகப் பேசினேன். "என் பணத்தைக் கொடுங்க. பொண்ணு படிக்கணும்." கடையே திரும்பிப் பார்த்தது. அவர் நிதானமாகப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்தார். "பாவம், பொண்ணு படிப்புன்னு கேக்குறாரு. எப்படி இல்லேங்கறது?" என்றார், என்னிடமல்ல, கடையில் இருந்தவர்களிடம்.

எடுக்காமல் திரும்பியிருக்கலாம். மகள் முகம் கண்முன் வந்தது, எடுத்தேன். கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெரிய மனசுங்க ஐயாவுக்கு. கும்பிட்டுட்டுப் போங்க, சார்."

மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறு வரவேயில்லை. ஆனால் என் மகளைப் படிக்க வைத்தவர் பண்ணையார்தான் என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது.